எரிந்தவனின் தூண்

'அவர் என் பக்கம் திரும்பக் கூடாது. அந்த டேப்பைச் சுருட்டித் தோல் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்படியே படியிறங்கிப் போய்விட வேண்டும். திரும்பினால் என்னைத்தான் கேட்பார். கேட்பதற்கு இங்கே நான் ஒருத்திதான் பாக்கி.'

அம்சவேணி கதவு நிலையை ஒட்டி நின்றிருந்தாள். கூடத்தின் நடுவில் ஓவர்சியர் தேவநேசன் இடுப்பில் கை வைத்துத் தெற்குத் தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தூணின் மேல்பாகத்தில், உத்தரம் தூணைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகிற இடத்தில், சிவப்புத் துணி சுற்றிய முழுத் தேங்காய் ஒன்று தொங்கியது. வீட்டின் மற்றத் தூண்களெல்லாம் அவருடைய வரைபடத்தில் ஏறிவிட்டன. இது ஒன்றுதான் மீதி. உத்தரமும் தூணும் எப்படிப் பூட்டிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டுமானால் தேங்காய் இறங்க வேண்டும். திங்கட்கிழமை ஆபீஸ் துரை படம் பிடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். வீட்டைச் சேராத எந்தப் பொருளும் அன்று வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்பது உத்தரவு.

ஏணியைத் தூக்கி வந்து சாய்த்த பர்மியத் தச்சன் கோ போ தா, அது எதற்கென்று தெரிந்ததும் உளியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். அடுத்து ஏறியவன் அம்சவேணியின் புருஷன் ரெங்கசாமி. இந்த வீட்டுக்குச் சர்க்கார் வைத்த காவல்காரன் அவன். பாதி ஏணியில் நின்று தேங்காயைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. இறங்கி வந்து, "காலு நடுங்குதுங்கய்யா" என்றான். போட்டாதாங் துறையில் அரிசி மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு ஒற்றைப் பலகைமேல் நடந்து கப்பலேறிய கால் அது.

போன வருஷம் இதே வெயில் காலத்தில்தான் அவர்கள் பர்மாப் பட்டணத்தின் ஆற்றோரத்தில் இருக்கும் இந்தக் கெம்மண்டைனுக்கு வந்தார்கள். அதற்கு முன்னால் துறைமுகக் கூலிகள் அடைந்து கிடந்த லான்மடாவில், சந்து வீடொன்றின் மாடி அறையில் இருந்தார்கள். அந்த அறையில் ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுப்பான். குடும்பமாக இருந்தவர்களுக்கு மட்டும் ஒரு சாக்குத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் அம்சவேணி பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் சோறு தின்கிறவன் மெல்லுவதை நிறுத்துவான். மேலே உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு சண்டை நடந்திருந்தது. ஒருவனுடைய துணி மூட்டை, ஒருவனுடைய சாப்பாட்டுத் தூக்கு, ஒருவனுடைய மழைக்குடை. திரைக்கு நேர் மேலே இருந்த கொக்கிக்காரன் ஊருக்குக் கப்பலேறியபோது அவளுக்கு ஏழாம் மாதம். இன்னொருவன் வந்து எதையாவது மாட்டுவதற்கு முன்னால், அவசர அவசரமாகப் பெட்டிமேல் ஏறி நின்று, பழைய புடவையை மடித்துத் தூளி கட்டிவிட்டாள். இடம் பிடித்து வைக்கத்தான். பிள்ளை பிறக்கும் முன்னே தூளி கட்டக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கட்டினாள்.

பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. "ஆளு வர்றதுக்கு முன்னாடியே தூளி ஆடுச்சுல்ல? அதான் வராமயே போயிட்டான்" என்று பக்கத்துத் திரைச் சொர்ணம்மாள் யாரிடமோ சொன்னது சாக்கு வழியாகக் கேட்டது. அம்சவேணி அழுதது யாருக்கும் கேட்கவில்லை. சத்தமில்லாமல் அழ அந்த அறையில் எல்லாரும் பழகியிருந்தார்கள். முடிச்சை அவளேதான் பெட்டிமேல் ஏறி அவிழ்த்தாள். இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து நெகிழ்த்த வேண்டியிருந்தது. மறுநாள் விடிந்தபோது அந்தக் கொக்கியில் யாருடைய தூக்குவாளியோ ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு இந்த வீடு.

முதல் பார்வையில் அது வீடாகவே தெரியவில்லை. ஆற்றிலிருந்து கரையேறி வந்த ஏதோ பெரிய கறுத்த மிருகம், வயிற்றுக்கடியில் காற்றுப் போகப் பல கால்களில் நின்று, புளியமரங்களுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கிட்டே வர வரக் கால்கள் தூண்களாயின. ஓர் ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத தேக்குத் தூண்கள். மேலே மர ஓடு வேய்ந்த கூரை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இறக்கைகள்போல் இறங்கியது. இந்தப் பட்டணத்துக்கு இப்போதிருக்கும் பெயர் வருவதற்கு முன்பே, இது ஆற்றோரக் கிராமமாக இருந்த காலத்தில், ஊர் மணியக்காரர் கட்டிய வீடு என்றார்கள். தூண்களில் சில அதைவிடப் பழையவை, அதற்கு முன்னிருந்த ஏதோ வீட்டில் நின்று பழகியவை என்றார்கள். எவ்வளவு பழையவை என்பதில் ஆபீஸிலேயே இரண்டு கட்சி. வாசலில் ஒரு நீலப் பலகை நட்டிருந்தது. சர்க்கார் பாதுகாப்பிலுள்ள கட்டடம். உள்ளே யாரும் குடியிருக்கக் கூடாது, எதையும் அடிக்கவோ மாட்டவோ கூடாது, விளக்கேற்றக் கூடாது, பூசை கூடாது. காவல்காரன் குடும்பத்துக்குப் பின்னால் தனியாக இருந்த அடுப்படிக் கொட்டகை. அம்சவேணிக்குப் பெருக்கித் துடைத்து, தூண்களுக்கு மண்ணெண்ணெய்க் கசடு பூசுகிற வேலை.

முதல் நாள் அவள் துடைப்பத்தோடு மேலே ஏறினாள். ஏறியவள் பெருக்கவில்லை. அப்படியொரு வெறுமையை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. வெளிக்கூடம் தாழ்வு, உள்கூடம் அதைவிட உயரம், முன்பு புத்தரை வைத்திருந்த கிழக்கு மூலை எல்லாவற்றிலும் உயரம். கால் வைக்கும்போதே, இப்போது நீ வேறிடத்துக்கு வந்துவிட்டாய் என்று தரை சொல்லிற்று. பலகைகளின் இடைவெளியில் கீழேயிருந்து காற்று வந்து கணுக்காலைத் தொட்டது. அண்ணாந்தால், தூணிலிருந்து உத்தரம், உத்தரத்திலிருந்து சட்டம், சட்டத்திலிருந்து கைமரம் என்று ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு இருட்டுவரை போயின. எதையும் எதோடும் ஆணி வைத்து அறைந்திருக்கவில்லை. மரத்துக்குள் மரம் புகுந்து, மர ஆப்பு வைத்து நின்றது. கட்டாயப்படுத்தி நிறுத்தியதாக ஒன்றுமே தெரியவில்லை. தானாகச் சம்மதித்து நிற்பதுபோல் இருந்தது. அவ்வளவு பேரும் சம்மதித்து, அவ்வளவு காலம்.

அன்று அவள் அழுதாள். லான்மடாவில் சத்தமில்லாமல் அழுததை எல்லாம் வாய்விட்டு அழுதாள். குரல் கூரைக்குப் போய்த் திரும்பி வரும் என்று பயந்தாள். வரவில்லை. தரைப் பலகைகள் அதை வாங்கிக்கொண்டு உள்ளங்காலில் இலேசாக அதிர்ந்தன. சாய்ந்திருந்த தூண்தான் தெற்குத் தூண். அழுது முடித்து நிமிர்ந்தபோதுதான் மேலே சிவப்புத் துணியும் தேங்காயும் கண்ணில் பட்டன. கறுத்து, எண்ணெய் மினுமினுக்க நின்ற தூண். சிவப்பு வஸ்திரம். தேங்காய். இதற்கு மேல் ஒரு தமிழச்சிக்கு யார் என்ன சொல்ல வேண்டும்? யாரும் சொல்லாமலே இங்கே ஒரு சாமி இத்தனை நாள் எனக்காகக் காத்திருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, வெற்றிலையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தி, தூணுக்கு முன்னால் கையை உயர்த்தினாள். விளக்கேற்றக் கூடாது என்ற உத்தரவு ஞாபகத்தில் இருந்தது. கற்பூரம் விளக்கில்லையே என்று ஒரு சமாதானமும் இருந்தது.

"டேய்!"

அலறல் வாசலிலிருந்து வந்தது. ஒரு பர்மியப் பெண் செருப்புக் காலோடு படியேறி ஓடிவந்தாள். பர்மாக்காரி செருப்போடு ஒரு வீட்டுக்குள் நுழைந்து அம்சவேணி அதுவரை பார்த்ததில்லை. வந்தவள் ஊதக்கூட இல்லை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்தாள்.

"அவனுக்குத் தீ காட்டுறியாடா! என்னடா நீ! அவன் தீயில செத்தவன்டா!"

அவள்தான் மா ஷ்வே யீ. மணியக்காரர் வம்சத்தில் கடைசியாக இந்த வீட்டில் இருந்தவள். சர்க்கார் வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு எதிரிலேயே ஒரு மூங்கில் குடிசை போட்டுக்கொண்டு சுருட்டுச் சுற்றினாள். நாற்பதுக்கு மேல் வயது. போட்டாதாங் துறையில் கூலிக்காரர்களுக்குச் சுருட்டு விற்றே தமிழ் கற்றவள். கற்றுக்கொடுத்ததெல்லாம் மேஸ்திரிமாரின் கூச்சல்தான். ஆகவே ஆண் பெண், பெரியவர் சின்னவர் எல்லாரும் அவளுக்கு 'டேய்'. ஓவர்சியர் தேவநேசனையே, "டேய் ஓவர்சியர், சாப்டியாடா?" என்று அன்பாகத்தான் கேட்பாள். முதல்முறை அவர் முகம் கறுத்தது. பிறகு, "சாப்டேன்மா" என்று தொப்பியைக் கழற்றப் பழகிக்கொண்டார்.

அன்று கொட்டகை வாசலில் உட்கார்ந்து, கொப்புளித்த உள்ளங்கையை அம்சவேணி தேங்காயெண்ணெய் தடவுவதற்காக நீட்டிக்கொண்டே மா ஷ்வே யீ கதை சொன்னாள்.

"அவன் கொல்லன். இரும்பு அடிக்கிறவன். பெரிய பலம்டா அவனுக்கு. ராஜா பயந்தான். அவன் தங்கச்சியைக் கட்டிக்கிட்டான் ராஜா. மச்சான் வா, வேலை தர்றேன்னு கூப்பிட்டான். வந்தான். செண்பக மரத்துல கட்டிவச்சுத் தீ வச்சான். தங்கச்சி பாத்தா. தீயில குதிச்சா. போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அந்த மரத்தை ஆத்துல தள்ளிவிட்டாங்க. மரத்துக்குள்ள ரெண்டு பேரும் இருந்தாங்க. மிதந்து மிதந்து வந்தாங்க. வேற ராஜா கரையில எடுத்தான். இப்போ எல்லா வீட்டுத் தூண்லயும் அவன் இருக்கான். காவல் இருக்கான். அவனுக்கு இன்னும் எரியுதுடா. அதுக்குத்தான் தேங்கா. தண்ணி இருக்கும்ல உள்ளே? குளிர்ச்சி."

ஊரில் தேங்காய் உடைப்பதற்கு. உடைத்தால்தான் அது படையல். இங்கே உடைக்காமல் வைத்திருப்பதுதான் படையல். உள்ளே தண்ணீர் இருக்கிறவரை. எரிந்துகொண்டிருக்கிற ஒருவனிடம் போய் அம்சவேணி நெருப்பைக் காட்டிக் கும்பிட்டிருக்கிறாள்.

"இந்த ஊரு எத்தனை தடவை எரிஞ்சுது தெரியுமாடா?" என்றாள் மா ஷ்வே யீ. "பக்கத்து வீடு எரிஞ்சுது. பின்னாடி எரிஞ்சுது. எல்லாம் மரம், எல்லாம் மூங்கில். இது எரியலை. அவனுக்குத் தெரியும், எரிஞ்சா எப்படி வலிக்கும்னு. விடுவானா?"

மழைக்காலம் பிறந்த அன்று பிற்பகலில் அவள் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதல் மழை மர ஓட்டில் இறங்கிற்று. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்தான். பிறகு வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு முனகல். ஒரு தூணில் தொடங்கி, உத்தரம் வழியாக அடுத்த தூணுக்குப் போய், அங்கே 'டக்'கென்று ஒரு சொடுக்கு. மறுபடி வேறொரு மூலையில். வீடு முழுக்க யாரோ விரல்களை நெட்டி முறிப்பதுபோல். துணியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். குடிசைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த மா ஷ்வே யீ புகையிலையை மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஓடாதேடா! வீடு தண்ணி குடிக்குது!"

மழை விட்டுத் தேங்காய் உலர்ந்தது. காம்பு உதிர்ந்து, ஆட்டினால் சத்தம் வரவில்லை. மா ஷ்வே யீ புதுத் தேங்காயும் புதுச் சிவப்புத் துணியும் வாங்கிவந்து படிக்குக் கீழே நின்றாள். படியில் கால் வைக்கவில்லை.

"நான் ஏறினா உன் புருசன் வேலை போயிடும். பலகை அப்படிச் சொல்லுது. நீ கட்டுடா."

"நானா? தீ காட்டினவ நான்."

"அதான் நீ கட்டு."

அவள் கட்டினாள். ஏணியின் உச்சியில் நின்று, உத்தரத்தைச் சுற்றித் துணியைப் போட்டபோது எப்படி முடிவது என்று யோசிக்கவேண்டி வரவில்லை. உத்தரத்திலிருந்து எதையும் தொங்கவிட அவளுடைய கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு முடிச்சுதான். விரல்கள் தாமாகவே போட்டுவிட்டன. போட்டு முடித்துக் கையை எடுத்தபோது, துணிக்குள் தேங்காயின் கனம் மெல்ல இறங்கி, முடிச்சு இறுகி, இலேசாக ஒருமுறை ஆடி நின்றது. அவள் ஏணியைவிட்டு வெகுநேரம் இறங்கவில்லை.

இந்த மாதம்தான் தேவநேசன் அளக்க வந்தார். பாளையங்கோட்டைப் பக்கத்து மனிதர். மிஷன் பள்ளியில் படித்தவர். முதல் நாளே யாரும் சொல்லாமல் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார். கோவிலுக்குள் பேசுவதுபோல் தணிந்த குரலில்தான் வீட்டுக்குள் பேசினார். உதவிக்கு வந்த ஆள் காய்ச்சலில் விழுந்ததால், டேப்பின் பித்தளை வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை அம்சவேணிக்கு வந்தது. அவள் ஒரு முனை, அவர் ஒரு முனை. நடுவில் விறைப்பாக இழுபட்ட துணிநாடா. ஒருநாள் ஒரு தூணுக்கு முன்னால் மண்டியிட்டு, காகிதத்தின் ஓரத்தை ஆப்புக்கும் துளைக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இங்க வந்து பாரும்மா. இத்துணூண்டு இடைவெளி விட்டிருக்கான். எல்லாத் தூண்லயும் இருக்கு. வேலை தெரியாம விட்டுட்டானோன்னு முதல்ல நினைச்சேன். இல்லை. இது மழைக்கு விட்ட இடம்."

"மழைக்கா?"

"மழையில மரம் ஊதும்ல? இடம் இல்லாட்டி ஒண்ணை ஒண்ணு நெருக்கிப் பிளந்துடும். வெயில் காலத்துல உக்காந்து செதுக்கினவன், வராத மழைக்கு இடம் வச்சுச் செதுக்கியிருக்கான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு முழங்கால் மடக்கத் தோணுது, அம்சவேணி. யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கு."

அன்று அவர் போன பிறகு, துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, அவளும் அந்த இடைவெளியில் விட்டுப் பார்த்தாள். போயிற்று. வராத ஒன்றுக்கு முன்கூட்டி இடம் வைப்பது தப்பு என்று அத்தனை பேரும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளும் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையைத்தான் இத்தனை நாளும் நெஞ்சில் கல்போல் வைத்துக்கொண்டு திரிந்தாள். இங்கே ஒருவன் தூண் தூணாக அதையே செய்து வைத்திருக்கிறான். அந்த இடத்தினால்தான் வீடு நிற்கிறது. அவள் குச்சியை உள்ளே விடுவதும் எடுப்பதுமாக, பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தாள்.

இப்போது தேவநேசன் திரும்பினார்.

"அம்சவேணி."

"ஐயா."

"தினமும் நீதான் பெருக்குறே, ஒட்டடை அடிக்கிறே. இதையும் நீயே எடுத்துடும்மா." அவள் கதவு நிலையைவிட்டு நகராததைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "நான் எடுத்தா, வேதக்காரன் வந்து சாமியைப் பிடுங்கிட்டான்னு நாளைக்குக் கெம்மண்டைன் பூராப் பேச்சாயிடும். கோ போ தா எடுத்தா அவன் பொண்டாட்டி சோறு போடமாட்டா. நீ எடுத்தா அது வெறும் சுத்தம் பண்றது. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

அதில் கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளதைத்தான் சொன்னார். அவர் கை பட்டால் அது ஒரு மதத்தின் கை. அவளுடைய கை பட்டால் அது துடைப்பம். இந்தக் கை எதைச் செய்தாலும் அதை ஓர் ஆள் செய்ததாக உலகம் எடுத்துக்கொள்ளாது.

"எடுத்துரு புள்ளே" என்றான் ரெங்கசாமி. அவன் குரல் கெஞ்சிற்று. "ஒரு தேங்காதானே. நம்மூருல முச்சந்தியில போட்டு ஒடைக்கிறோம். தொரை பாத்துட்டாருன்னா மறுபடி லான்மடாவுதான். அந்த ரூமுக்கு உன்னால போக முடியுமா சொல்லு."

அவன் சொன்னது மெய். சாக்குத் திரையின் நாற்றம் அவளுடைய மூக்கில் வந்து நின்றது.

"டேய் ஓவர்சியர்!" வெளியேயிருந்து மா ஷ்வே யீயின் குரல். "உள்ளே என்னடா கூட்டம்? தச்சன் இங்க உக்காந்து என் சுருட்டைத் திங்கிறான்!"

தேவநேசன் ஒரு பெருமூச்சோடு தாமே ஏணியில் ஏறினார். தொடாமலாவது, பக்கவாட்டில் ஏதாவது தெரிகிறதா பார்க்கலாம் என்று நினைத்தார்போல. தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தார். பிறகு அசையாமல் நின்றார்.

"இது பர்மாக்காரங்க முடிச்சு இல்லையே" என்றார், தமக்குத்தாமே.

அம்சவேணி தரையைப் பார்த்தாள்.

"ரெண்டு சுத்து, உள்ளே ஒரு கண்ணி. பாரம் ஏற ஏற இறுகும். இது..." ஏணியின்மேலிருந்து கீழே பார்த்தார். "எங்க வீட்டுல மார்த்தா ஆறு பிள்ளைக்குப் போட்டிருக்கா. எனக்குத் தெரியாதா? தூளி முடிச்சுல்ல?"

ரெங்கசாமி மெல்லத் தரையில் உட்கார்ந்தான். முடிச்சை அவன் கிட்டத்தில் பார்த்துவிட்டுத்தான் பாதி ஏணியில் இறங்கியிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கால் நடுங்கியது சாமிக்காக அல்ல. இத்தனை நாளும் அவன் அந்தக் கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்திருந்தாள்.

தேவநேசன் இறங்கி வந்தார். அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். குரல் இன்னும் தணிந்திருந்தது.

"எப்பம்மா கட்டினே?"

"மழை விட்டப்போங்க."

"உத்தரவு தெரியும்ல?"

"தெரியுங்க."

அவர் ரெங்கசாமியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார்.

"சரி. நான் ஏணியில ஏறலை. எதையும் பாக்கலை. கட்டின கையாலயே நீயே அவுத்து வச்சுக்க. படத்தை வரைஞ்சு முடிச்சுடுறேன். துரை வந்துட்டுப் போனதுக்கப்புறம் இங்க என்ன தொங்குதுன்னு நான் வந்து பாக்கப்போறதில்லை. போதுமா?"

அதைவிட நல்ல வார்த்தையை அந்த ஊரில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. வேலை இருக்கும், வீடு இருக்கும், அடுத்த வாரமே மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஒரு பகல் பொழுதுக்கு அவிழ்த்து வைக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். அவள் அண்ணாந்து பார்த்தாள். கறுத்த தூண் இருட்டுக்குள் ஏறிப் போயிற்று. உத்தரம் அதைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் சிவப்புத் துணி தன் கனத்தைத் தான் தாங்கி அசையாமல் இருந்தது. முடிச்சு நன்றாக இறுகியிருக்கும். பல்லால் கடித்தால்தான் நெகிழும்.

"அவுக்க மாட்டேங்கய்யா" என்றாள்.

அவள் குரல் உயரவில்லை. கோபமும் இல்லை. சோறு வேண்டாம் என்பவளைப்போலத்தான் சொன்னாள்.

"ஏம்மா?"

"ஒரு தடவை அவுத்தாச்சுங்க."

ரெங்கசாமி தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

"படத்துல அந்த எடத்தை மட்டும் விட்டுருங்க" என்றாள். "தூணோட நீளம் எடுக்கணும்னு சொன்னீங்கள்ல? நான் கீழ போயிப் புடிக்கிறேன்."

தரையில் கிடந்த டேப்பின் பித்தளை வளையத்தை எடுத்தாள். தூணையொட்டித் தரைப்பலகையில் இருந்த இடைவெளி வழியாக அதைக் கீழே விட்டாள். பிறகு படியிறங்கினாள். படிக்குக் கீழே மா ஷ்வே யீ எழுந்து நின்றிருந்தாள். கையில் புகையிலை இலை. எவ்வளவு காதில் விழுந்ததோ. வாயில் 'டேய்' வரவில்லை. வழிவிட்டு ஒதுங்கினாள்.

வீட்டுக்கடியில் குளிர்ச்சியாக இருந்தது. பலகை இடுக்குகளிலிருந்து வெளிச்சம் கோடு கோடாக இறங்கி, தூண்களின்மேலும் மண்ணின்மேலும் அவளுடைய கையின்மேலும் விழுந்தது. தெற்குத் தூணின் அடியில் ஒரு துளை உண்டு. காட்டில் வெட்டிய மரத்தை யானை இழுத்துவரச் சங்கிலி கோத்த துளை. இரும்பு உரசியும் ஆறு உரசியும் பிறகு எத்தனையோ பேரின் விரல் உரசியும் உள்ளே வழவழவென்றிருக்கும். எங்கேயோ நின்ற மரம். மூக்குக் குத்தி இழுத்து வந்து, ஆற்றில் மிதந்து, ஏதோ ஒரு வீட்டைத் தாங்கி, மறுபடி இந்த வீட்டைத் தாங்கி. அவள் துளைக்குள் ஒரு விரலை விட்டாள். மறுகையால் பித்தளை வளையத்தைத் தூணின் அடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மேலே தேவநேசனின் வெறுங்கால் பலகையில் அழுந்திற்று. தூணருகே வந்து நின்றது. அங்கேயே இருந்தது. அவர் இழுத்தால் சம்மதித்ததாக அர்த்தம். டேப் இன்னும் இழுபடவில்லை. இடுக்கின் வழியே வந்து, வெளிச்சக் கோடுகளைக் கடந்து, அவளுடைய விரல்களுக்கிடையில் தளர்ந்து கிடந்தது.

அவள் வளையத்தைப் பிடித்தபடி நின்றாள்.